பார்க்காத படகுக்கு ஒரு கையெழுத்து

அஸ்தம்பட்டியில் அலுவலகம் வைத்திருக்கும் நம் சங்கத்து மதிப்பீட்டாளரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். மலேசியாவில், லங்காவித் தீவில் நின்ற ஒரு பாய்மரப் படகை நேரில் ஆய்வு செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஏற்காடு ரோட்டில் உங்கள் ஏசி அறையில் உட்கார்ந்து கைபேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடல் தண்ணீர் உங்கள் செருப்பைக்கூட நனைக்கவில்லை.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. பயந்துகொண்டு அல்ல. அதை நீங்களே எழுந்து நின்று சொல்ல வேண்டும்.

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். "புதுசா வந்திருக்கற பசங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கண்ணா. உங்க அனுபவம் அவங்களுக்குப் பிரயோசனப்படும்" என்றார். நல்ல வார்த்தை என்னிடம் அவ்வளவாக இல்லை. நடந்த விஷயம் இருக்கிறது. அதை எழுதுகிறேன். மலரில் போடப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடட்டும், நானே அச்சடித்துக் கொடுத்துக்கொள்கிறேன்.

தம்பிகளே, நான் நாமக்கல்லில் லாரிக்கும் போர்வெல் போடும் ரிக்குக்கும் மதிப்புப் போட்டே வயதானவன். பேங்க்காரனும் ஃபைனான்ஸ்காரனும் கடன் கொடுக்கும் முன் நம்மை அனுப்புகிறான். நாம் போய் வண்டியைப் பார்த்து, அது என்ன நிலையில் இருக்கிறது, என்ன பெறும் என்று எழுதித் தருகிறோம். அவ்வளவுதான் நம் தொழில். வண்டியை எப்படிப் பார்ப்பது என்று இங்கே நான் எழுதப்போவதில்லை. அதைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எதைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது, அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒருவரிடம் வேலை செய்தேன். முன்கோபி. டீ ஆறிப்போனால்கூடக் கத்துவார். அவர் எழுதும் ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் ஒரு தலைப்பு இருக்கும்: 'நான் பார்க்காதவை'. வேறு எந்த மதிப்பீட்டாளரும் அப்படி எழுதியதில்லை. ஃபைனான்ஸ் கம்பெனிகளில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒரு நாள் குமாரபாளையத்தில் ஒரு லாரி. கைமாறுகிற வண்டி. அன்றைக்கே கடன் சாங்ஷன் ஆக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜவுளி பேல் ஏற்றித் தார்ப்பாய் கட்டிவிட்டார்கள். டிரைவர் பம்பாய்க்குக் கிளம்பத் தயாராக நிற்கிறான். எங்காள், அந்த முன்கோபி, வண்டியைச் சுற்றிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், வந்து எழுத உட்கார்ந்தார். கடைசித் தலைப்பின் கீழே, லோடு இருந்ததால் பாடியின் உள்தளத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினார்.

வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஏனுங்க, இப்பிடி எழுதுனா கடன் எப்பிடிங்க வரும்?"

"அது ஃபைனான்ஸ்காரன் பாடு."

"நல்ல பலகைங்க. என்ற கொளந்தைக மேல சத்தியமா நல்ல பலகைங்க."

"உன்ற கொளந்தைகளையா நான் மதிப்புப் போட வந்தேன்? பலகையைக் காட்டு, அந்த வரியை அடிச்சுடறேன். காட்டாட்டி இது இருக்கும்."

அந்த மனிதர் திட்டிக்கொண்டே ஆள் பிடித்து, பாதி பேலை இறக்கினார். உள்ளே பலகை நன்றாகத்தான் இருந்தது. ஒரு விரிசல் இல்லை. "பாத்துக்கிட்டீங்களா? இதுக்குத்தான் எங்களை நாயாட்டம் இறக்கி ஏத்த வெச்சீங்களா?" என்று அவர் கத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்காள் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வரும் வழியில் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்னு அவனுக்கு நம்பிக்கை. நல்லா இருக்குதுன்னு எனக்குத் தெரியும். பேங்க்காரன் நமக்குக் காசு குடுக்கறது நம்பிக்கைக்கு இல்லடா" என்றார். அதற்குமேல் அவர் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. அது போதுமாக இருந்தது.

இனி படகு.

திருச்செங்கோட்டில் சென்னியப்பன் என்று ஒரு ரிக்காரர். அவருடைய முதல் ரிக்கிலிருந்து எல்லா வண்டிக்கும் மதிப்புப் போட்டவன் நான். ரிக் தொழில் தெரியாத தம்பிகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இங்கே ரிக்கை ஒற்றை ஆள் வாங்குவது குறைவு. நாலைந்து பங்காளிகள் சேர்ந்து வாங்குவார்கள். வண்டி சத்தீஸ்கர் போகும், ராஜஸ்தான் போகும், ஆப்பிரிக்காவுக்கே கப்பலேறும். எங்கே போனாலும் ஒரு பங்காளி கூடப் போவார். அவர் முறை, எங்கள் பேச்சில் டர்ன், முடிந்தால் அடுத்தவர் போய் அவரை அனுப்பிவைப்பார். டிரைவர் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், மேனேஜர் சொந்தத் தங்கை மகனாக இருந்தாலும், பங்காளி இல்லாமல் ரிக் ஒரு நாள்கூட நிற்காது. கல்யாணத்துக்கு வராத மாப்பிள்ளையைக்கூட, "டர்ன்ல இருக்கறாருங்க" என்று சொன்னால் ஊர் மன்னித்துவிடும். சென்னியப்பன் அப்படிப் பாதி வாழ்க்கையை ரிக் கேம்ப்பில் ஒரு மடக்கு நாற்காலியில் கழித்தவர்.

அவர் மனைவி மல்லிகா. பிறந்த ஊர் பள்ளிபாளையம். சின்ன வயதிலேயே காவிரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்தியவர். கணவர் வடக்கே எங்கெங்கோ இருந்த வருடங்களில் தோட்டம், பிள்ளைகள், மாமியார் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தவர். பிள்ளைகள் சென்னையில் செட்டிலான பிறகு ஒரு நாள் சொல்லியிருக்கிறார்: "நீங்க போன ஊரையெல்லாம் போட்டோவுலதான் பாத்தேன். இனிமேல் போற எடத்துக்கு நானும் வாரேன்."

அந்த நேரத்தில்தான் சேலத்தில் ஒரு ஓட்டலில் கூட்டம் நடந்தது. ஒரு வெளிநாட்டுப் படகுக் கம்பெனி. பெயர் வேண்டாம். கேட்டமரான் என்னும் பாய்மரப் படகை நீங்கள் வாங்க வேண்டும். ஒட்டினாற்போல இரண்டு படகு, நடுவில் ஒரு கூடம், சமையலறை, இரண்டு பக்கமும் படுக்கையறை. ஒரு சின்ன வீடு மாதிரி. அதைக் கம்பெனி தன் படகுகளோடு சேர்த்து நிறுத்தி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடும். உங்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை வரும். நிறுத்துமிடம், இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வருடத்தில் சில வாரங்கள் படகு உங்களுக்கு, போய்த் தங்கிக்கொள்ளலாம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் படகை நல்ல நிலையில் உங்கள் கையில் ஒப்படைப்பார்கள். ஒப்படைப்புத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதன் பிறகு எது உடைந்தாலும் உங்கள் பாடு.

விற்க வந்தவன் கெட்டிக்காரன். கட்டுமரம் தமிழன் கண்டுபிடித்தது, உலகமே அந்தப் பேரை வைத்துக்கொண்டது என்று முதலில் கை தட்ட வைத்தான். அப்புறம் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு சொன்னான்: "உங்க ரிக் மாதிரிதாங்க சார். வண்டி உங்களது. ஓட்டறது நாங்க."

சென்னியப்பன் அந்த ஒரு வார்த்தையில் விழுந்தார். தூர தேசத்தில் வண்டி ஓடும், வருமானம் வீட்டுக்கு வரும் என்பது அவருக்குப் புதிதே இல்லை. ஆனால் அங்கே உட்காரப்போகும் பங்காளி யார் என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. வேறு எவன் வந்து, "உன் ரிக்கைக் குடு, உன் ஆள் ஒருத்தரும் வேண்டாம்" என்று சொல்லியிருந்தாலும் செருப்பைக் கழற்றியிருப்பார்.

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. இப்படிப் படகு வாங்கி நிம்மதியாக இருப்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், தங்களுக்கு உண்டான வாரங்களில் தவறாமல் போய்ப் படகில் இருக்கிறார்கள். என்ன தேய்ந்தது, என்ன புதிதாகச் சத்தம் போடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சென்னியப்பன் முதல் வருடம் மட்டும் போனார். அதன்பிறகு போகவில்லை.

காரணம் கேட்டேன். "உல்லாசமாப் போயிப் படுத்துக்கிட்டு வாரதுக்கு என்னுங்க அவசரம்? இங்க சீசன்ல வண்டி ஓடுது. ரிக்காரன் கப்பல்ல கால் நீட்டிக் கெடக்கறான்னு ஊர்ல பேசமாட்டாங்களா?" என்றார்.

மல்லிகா குறுக்கே புகுந்தார். "வருசா வருசம் நான் பெட்டி கட்டுவனுங்ணா. இவரு அவுக்கச் சொல்லுவாரு. கட்டி அவுத்துக் கட்டி அவுத்து என்ற பெட்டிக்கு ஜிப்பு போயிருச்சு."

கம்பெனிக்காரன் அந்த வாரங்களை, "ஜாலியா இருங்க" என்று சொல்லிக் கொடுத்தான். அதனால் அது சோம்பேறித்தனம் ஆகிவிட்டது. வந்து உங்கள் சொத்துக்குக் காவல் இருங்கள் என்று சொல்லியிருந்தால் சென்னியப்பன் ஒரு வருடம்கூடத் தவறவிட்டிருக்க மாட்டார். மடக்கு நாற்காலியோடு போயிருப்பார். வேலை என்றால் உயிரைக் கொடுப்போம், ஓய்வு என்றால் கூச்சப்படுவோம். இது நம் பக்கத்து வியாதி.

இதற்கிடையில் மல்லிகா சும்மா இருக்கவில்லை. மகன் வீட்டுக்கு என்று சென்னை போனவர், அங்கே பாய்மரப் படகு ஓட்டப் படித்துவிட்டு வந்தார். உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்த காய்ப்பு. ஒப்பந்தம் முடிந்து படகு கைக்கு வந்ததும் கணவரை ஏற்றிக்கொண்டு கொஞ்ச காலம் கடலிலேயே இருப்பது என்று முடிவு செய்துவிட்டார். சென்னியப்பனுக்கு நீச்சல் தெரியாது. "போர் போடறவனுக்குத் தண்ணி வந்தாப் போதும், நீந்தத் தெரியோணும்னு சட்டமாங்க?" என்பார்.

ஒப்படைப்பு நாள் நெருங்கியது. உங்களுக்கு நம்பிக்கையான மதிப்பீட்டாளர் ஒருவரை வைத்துப் படகைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனி சொன்னது. நியாயமான பேச்சு. சென்னியப்பன் சேலத்துக்கு வந்து உங்களைப் பிடித்தார், அஸ்தம்பட்டிக்காரரே. நான்தான் தொழிலை விட்டுவிட்டேனே. லங்காவியிலிருந்த கம்பெனி ஆள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு படகைச் சுற்றி நடந்தான். அவன் காட்டியதை நீங்கள் பார்த்தீர்கள். அவன் காட்டாததை நீங்கள் கேட்கவில்லை. நேரில் ஆய்வு செய்தேன், எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தீர்கள்.

மல்லிகா எனக்குப் போன் செய்தார். "ஏனுங்ணா, நீங்களும் எங்ககூட வாங்க. நீங்க ஒருக்காப் பாத்தீங்கன்னா எனக்குத் தூக்கம் வரும்."

"அம்மிணி, எனக்குப் படகைப் பத்தி என்ன தெரியும்? நான் லாரிக்காரன்."

"தெரியாதுன்னு சொல்றீங்கல்ல, அதுக்குத்தான் கூப்புடறேன். மத்தவங்க எல்லாரும் தெரியுங்கறாங்க."

போனேன்.

படகு பார்க்க அழகாக இருந்தது. வெள்ளை வெளேர் என்று மினுக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் இரண்டு உடலுக்கும் நடுவே நம் கோழிப்பண்ணை வலை போல ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் படுத்தபடி கடலைப் பார்க்கலாமாம். அங்கே பொறுப்பிலிருந்த மேனேஜர் மலேசியத் தமிழர். மரியாதையான ஆள்; "அண்ணே, அண்ணே" என்று கையைப் பிடித்துத்தான் பேசினார்.

சென்னியப்பன் ஊரிலேயே ஜோசியரிடம் கேட்டு நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்திருந்தார். எமகண்டம் தொடங்கும் முன் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும். தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் பையில் இருந்தன. எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தின் அடியில் வைப்பது என்று திகைத்து நின்றார்.

"தண்ணில போடுங்க. மீனுக சாறு குடிக்கட்டும்" என்றார் மல்லிகா.

நான் சுற்றிப் பார்த்தேன். உள்ளே போனேன், மேலே ஏறினேன். இரண்டு எஞ்சினையும் ஓட விட்டுக் கேட்டேன். டீசல் எஞ்சின் எனக்குப் புரியும். கொஞ்சம் அதிகம் உழைத்த எஞ்சின், ஆனால் குறை சொல்ல முடியாது. மேனேஜர் தாளை நீட்டினார். "சேலத்து சார் ஏற்கெனவே சைன் பண்ணிட்டாரு அண்ணே. நீங்க கீழ சாட்சியா ஒண்ணு போட்டா முடிஞ்சுது."

அப்போதுதான் உங்கள் அறிக்கையைப் படித்தேன். நேரில் என்று எழுதியிருந்தது. சென்னியப்பனைப் பார்த்தேன். "இவரு எப்ப இங்க வந்தாரு?"

"வரலீங்ணா. எல்லாம் வீடியோவுலயே பாத்துட்டாரு. இப்பெல்லாம் அப்பிடித்தானாமா."

எனக்குப் படகு தெரியாது. ஆனால் என்னவெல்லாம் நான் பார்க்கவில்லை என்று தெரியும். பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, தலைப்புப் போட்டு எழுதினேன். தண்ணீருக்குள் இருக்கும் பகுதியைப் பார்க்கவில்லை. பாய்மரத்தின் உச்சியைப் பார்க்கவில்லை. அலமாரிகளின் பின்னால் படகின் உடல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. பாயை விரித்துக் கடலில் ஓடும்போது பார்க்கவில்லை. நான்கு வரி. கீழே கையெழுத்துப் போட்டேன். "இதையும் சேத்து வெச்சுக்குங்க. அப்புறம் அவரு வாங்கிக்கட்டும்" என்று கொடுத்தேன்.

மேனேஜரின் முகம் மாறியது. "அண்ணே, இது வேணாம்லா. இப்படி எழுதினா ஹெட் ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க."

"படகு மோசம்னு நான் எழுதலீங்களே. பாக்கலைன்னுதான் எழுதியிருக்கறேன். காட்டுங்க, ஒவ்வொண்ணா அடிச்சுடறேன்."

"படகை வெளிய தூக்கணும்னா கிரேன் புக் பண்ணணும். அதுக்குக் காத்திருக்கணும். அதுவரைக்கும் நிறுத்தற வாடகை உங்க தலைல வரும்."

சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் அதைக் கவனித்துவிட்டார். "நல்ல நேரம் போகுதே அண்ணே" என்றார்.

தம்பிகளே, அந்த இடத்தைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மிரட்டுகிறவனிடம் நிற்பது சுலபம். கையைப் பிடித்துக்கொண்டு, உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்பவனிடமும், நீ யாருக்காக நிற்கிறாயோ அவனே உன்மேல் எரிந்து விழும்போதும் நிற்பதுதான் கஷ்டம். சென்னியப்பன் எரிந்து விழுந்தார்.

"ஏனுங்ணா, உங்களைக் கடல் காட்டக் கூட்டிக்கிட்டு வந்தா, நீங்க காரியத்தையே கெடுக்கறீங்களே! எம்மேல கோவம் ஏதாச்சும் இருந்தா ஊர்ல சொல்லியிருக்கலாமே. இந்த நேரத்தை உட்டா இன்னைக்கு வேற நேரமே இல்லீங்க."

"கையெழுத்துப் போடாதன்னு நான் சொல்லலை சாமி. படகு உன்றது, கையும் உன்றது. நான் பாக்கலைங்கறதை மட்டும் சொல்றேன்."

அவர் பேனாவைத் திறந்துவிட்டார். நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்போது மல்லிகா, சண்டை போடாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"ஏனுங்க, ஒரு சந்தேகம். சத்தீஸ்கர்ல உங்க ரிக்கு இருக்குது. நாலு வருசமா பங்காளி ஒருத்தரும் போகலை. டிரைவரு போன்ல, எல்லாம் நல்லாருக்குதுங்கன்னு சொல்றான். வண்டிக்கு அடியில மட்டும் படுத்துப் பாக்க உடமாட்டேங்கறான். என்ன பண்ணுவீங்க?"

சென்னியப்பன் பேனாவை மூடினார்.

மேனேஜரைப் பார்த்து, "தூக்கச் சொல்லுங்க" என்றார். நல்ல நேரம் போய்விட்டது. கற்பூரம் பையிலேயே இருந்தது.

கிரேன் கிடைக்கும் வரை காத்திருந்தோம். உள்ளூரில் படகுகளை மட்டுமே ஆய்வு செய்யும் ஒரு மலாய்க்காரரை மல்லிகா விசாரித்துப் பிடித்தார். நம் தொழில்தான் அவருக்கும், இடம்தான் வேறு. வார்ப்பட்டைகளில் தொட்டில் போலப் படகைத் தூக்கி, தரையில் முட்டுக்கால் கொடுத்து நிறுத்தினார்கள். அந்த மனிதர் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு படகின் வயிற்றை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். 'டக் டக்' என்று காய்ந்த சத்தம். இரண்டு உடலுக்கும் அடியில் சின்னத் துடுப்பு மாதிரி ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கத்தில் அதன் அருகே வந்ததும் சத்தம் மாறியது. 'பொத்' என்று விழுந்தது. மறுபடி தட்டினார். 'பொத்'. சென்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாறை இல்லாத இடத்தில் ரிக் இறங்கும் சத்தம் எப்படி மாறும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

படகு எப்போதோ ஒரு பாறைத்திட்டில் மோதியிருக்கிறது. மோதிய இடத்தை அடைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அதே பக்கம் உள்ளே அலமாரிப் பலகையைக் கழற்றியபோது, படகின் உடலைக் குறுக்கே இறுக்கிப் பிடிக்கிற தடுப்பு, ஒட்டின இடத்திலிருந்து விட்டுப்போயிருந்தது. விரலை நுழைக்கலாம். மலாய்க்காரர் இங்கிலீஷில் விளக்கினார். எனக்குப் பாதி புரிந்தது. மல்லிகாவுக்கு முழுவதும் புரிந்தது. அவர் அந்த இடைவெளியில் கையை வைத்தபடி நின்றார்.

"அமைதியான தண்ணில போனா தெரியாதாம். பெரிய அலை வந்து ரெண்டு பக்கமும் முறுக்குனா இது வாயைத் தொறந்துக்குமாம்" என்று கணவரிடம் சொன்னார். "நான் நீந்திருவேன். உங்களை என்னங்க பண்ணியிருப்பேன்?"

சென்னியப்பன் கீழே இறங்கி, முட்டுக்காலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரிக்கை ஒரு நாளு ஆளில்லாம உட்டதில்லீங்ணா. இதை எப்பிடி உட்டேன்?" என்றார். சமாதானம் சொல்ல எனக்கு வராது. அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

மேனேஜருக்கு மோதியது தெரியுமா என்று கேட்டேன். தான் அங்கே வேலைக்கு வருவதற்கு முன்பு அது நடந்திருக்கும் என்றார். இருக்கலாம். ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து விழாததால் ரிப்பேர் கம்பெனி தலையில் நின்றது. முதலில் முரண்டு பிடித்தார்கள். மலாய்க்காரரின் அறிக்கை போனதும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்ததைச் செய்தார்கள், அவ்வளவுதான். கையெழுத்து விழுந்திருந்தால் அதையும் செய்திருக்க வேண்டியதில்லை.

நான் ஊருக்குக் கிளம்பும்போது அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. சென்னியப்பன் கடைவீதிக்குப் போய் ஒரு மடக்கு நாற்காலி வாங்கிவந்து படகுக்கு அடியில் போட்டுவிட்டார். லுங்கியைக் கட்டிக்கொண்டு, ரிப்பேர்காரர்கள் சுரண்டுவதையும் ஒட்டுவதையும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். மல்லிகா ஏணி வைத்து மேலே ஏறி, தரையில் நிற்கும் படகிலேயே சமைத்தார். ஊரில் யாராவது போன் செய்து, எங்கே ஆளையே காணோம் என்று கேட்டால், "எங்கூட்டுக்காரரு டர்ன்ல இருக்கறாருங்க. இந்தத் தடவை நானும்" என்று சொன்னாராம்.

நான் நாமக்கல் வந்ததும் முதல் வேலையாக உங்களுக்குப் போன் செய்தேன், அஸ்தம்பட்டிக்காரரே. நீங்கள் பதறவில்லை. "இப்பெல்லாம் வீடியோ இன்ஸ்பெக்‌ஷன்தாங்கண்ணா. உலகமே அப்படி மாறிருச்சு" என்றீர்கள். மாறட்டும். வீடியோவில் பார்த்தேன் என்று எழுதியிருந்தால் உங்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சென்னியப்பனே அதைப் படித்துவிட்டு யோசித்திருப்பார். நேரில் என்று எழுதினீர்கள். வீடியோவில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றுதான் என்று அந்த ஒரு வார்த்தை அவரை நம்பவைத்தது, அதனால்தான் பேனாவைத் திறந்தார்.

அதற்கப்புறம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், பழைய காலத்து ஆட்கள் தொழில்நுட்பம் தெரியாமல் பேசுகிறார்கள் என்று எழுதினீர்கள். அதற்குக் கட்டைவிரல் காட்டிய தம்பிகளே, உங்களில் பலர் நேற்று வந்தவர்கள். உங்களை நான் திட்டப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் அறிக்கையின் கடைசியில் நான் சொன்ன அந்தத் தலைப்பைப் போட்டு நாலு வரி எழுதிப் பாருங்கள். முதல் வாரம் ஃபைனான்ஸ்காரன் கத்துவான். இரண்டு பேர் வேறு மதிப்பீட்டாளரிடம் போவார்கள். போகட்டும். என்னை விட்டும் போனார்கள். திரும்பவும் வந்தார்கள்.

போன வாரம் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். மலாய்க்காரர் மறுபடி முழுக்கத் தட்டிப் பார்த்து, பாய் விரித்துக் கடலில் ஓட்டிப் பார்த்து, எழுதிக் கொடுத்தாராம். அதன்பிறகுதான் சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். நல்ல நேரம் பார்க்கவில்லை. மல்லிகா குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். பின்னால் காற்றுச் சத்தம். "ஏனுங்ணா, கெளம்பிட்டமுங்க. கரை இன்னும் தெரியுது. இவரு லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டேதான் சாப்புடறாரு, போட்டுக்கிட்டேதான் தூங்கறாரு. சுக்கான் என்ற கையில. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லீங்ணா, நல்லாக் காஞ்ச சத்தந்தான்." அதைப் பலமுறை போட்டுக் கேட்டேன்.

உங்கள் கையெழுத்தை நம்பியிருந்தால் இந்தக் குரல் எங்கே இருந்திருக்கும் என்பதையும் யோசித்தேன். அதனால்தான் இதை எழுதினேன்.

சங்கத்தின் பொதுக்குழு கூடப்போகிறது. புதிய உறுப்பினர்கள் எல்லோரும் வருவார்கள். நான் முன்வரிசையில் இருப்பேன். தலைவரே, மைக்கை அவரிடம் கொடுங்கள். அஸ்தம்பட்டிக்காரரே, சால்ஜாப்பு வேண்டாம், உலகம் மாறிய கதை வேண்டாம். இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று ஒரே ஒரு பதில் சொல்லுங்கள்: நீங்கள் அந்தப் படகைப் பார்த்தீர்களா, இல்லையா?